ஜான் ஸோர்னை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? (குமரி மாவட்டத்து இசைக் கிறுக்கர்கள் வரவும்)

தேரூர்ச் சிட்டு:

போன டிசம்பரில் எங்கள் தெருவுக்குக் கேரல் பாட வந்த பிள்ளைகள் கேக்கும் காப்பியும் முடித்துப் போன பிறகு, அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த சிடி ஒன்றைப் போட்டேன். கிறிஸ்துமஸ் பாட்டுகள்தான். வைப்ரஃபோன், கிதார், தடவிக் கொடுப்பது மாதிரி டிரம்ஸ். அடுக்களையிலிருந்து அம்மா, "நல்லாருக்கே, யாருட்டி இது?" என்றார். அட்டையைப் பார்த்துச் சொன்னேன்: ஜான் ஸோர்ன், 'எ ட்ரீமர்ஸ் கிறிஸ்துமஸ்', 2011. பிடித்துப்போனதால் மறுநாள் அதே ஆளின் இன்னொரு ஆல்பத்தைத் தேடிப் போட்டேன். 'நேக்கட் சிட்டி', 1990. கொஞ்ச நேரத்தில் அம்மா கையில் அகப்பையோடு வாசலில் நின்றார். "யாரயாவது கொல்லுகானுவளா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. யமட்சுகா ஐ என்ற ஜப்பானியர் தொண்டை கிழியக் கத்துகிறார். அது சட்டென நின்று ஜாஸ் வருகிறது, அப்புறம் ஜேம்ஸ் பாண்டின் பழைய மெட்டு, மறுபடி கத்தல். ஒரு ஆல்பத்தில் 26 உருப்படிகள். நேற்றுக் கிறிஸ்துமஸ் பாட்டு போட்ட அதே மனுஷன்.

அதிலிருந்து எட்டு மாதமாக இவரைத்தான் கேட்கிறேன். 1953-இல் நியூயார்க்கில் பிறந்த யூதர், ஆல்ட்டோ சாக்ஸஃபோன் ஊதுபவர். ஜாஸ், ஹார்ட்கோர் என்கிற முரட்டு வேக ராக், சினிமா இசை, தந்தி வாத்திய நால்வருக்கான இசை, யூத மெட்டுகள், பைப் ஆர்கன், சோப்ரானோ என்கிற உச்சக் குரல் பாடகிக்கான உருப்படிகள் என்று எழுதித் தள்ளியிருக்கிறார். "அவர் எல்லா வகையும் செய்வார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சரக்குக் கடையில்கூட எல்லாம் இருக்கும், அதற்காகக் கடைக்காரரைக் கலைஞன் என்போமா?

எனக்குப் படுவது இது: அவர் பாட்டு கட்டுவதைவிட வாசிப்பவர்களுக்கு வேலி கட்டுகிறார். எந்த வேலி, எவ்வளவு உயரம், எங்கே வாசல் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. சரியா தப்பா என்று நீங்கள் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள், அம்மாவுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

கோட்டாறு மிளகாய்:

மகளே, நேக்கட் சிட்டி அவருடைய ஒரு குழுவின் பெயரும்கூட. நல்ல வேளை, அதே குழுவின் 'லெங் ட்ஷே' ஆல்பத்தை நீ போடவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே உருப்படி, ஆமை வேகத்தில் கிதார் இரைச்சல், பாதிக்கு மேல் அலறல். நான் போட்ட அன்று பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து "வெல்டிங் வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன். விளக்கம் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

வகுளாபரணம்:

என் பெயரே ஒரு கர்நாடக ராகம், அதிலேயே என் கட்சி தெரியும். முப்பது வருஷம் வயலின் சொல்லிக் கொடுத்தவன். ஒரு மாணவன் கட்டாயப்படுத்தி மசாடா குழுவைக் கேட்க வைத்தான். ஸோர்ன் சாக்ஸஃபோன், டேவ் டக்ளஸ் டிரம்பெட், கிரெக் கோஹன் பாஸ், ஜோயி பேரன் டிரம்ஸ். பியானோ கிடையாது, கிதார் கிடையாது. சுருதிக்குத் தாங்கல் கொடுக்க ஆளே இல்லாமல் இரண்டு ஊதல்காரர்கள் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் ஆர்னெட் கோல்மன் 1959-இல் இதே நால்வர் அமைப்பில் வாசித்தது நினைவுக்கு வரும். ஸோர்ன் அதை மறைக்கவே இல்லை. கோல்மனின் உருப்படிகளை மட்டும் வைத்து 1989-இல் ஒரு ஆல்பமே போட்டவர், அதுவும் வெறிபிடித்த வேகத்தில்.

நான் சொல்ல வந்தது சுரம் பற்றி. மசாடாவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசையைப் பிடித்துப் பார்த்தேன்: ச ரி1 க3 ம1 ப த1 நி2. நம் தாய் ராகங்களான மேளங்களில் பதினாலாவது, சாட்சாத் வகுளாபரணம். யூதப் பிரார்த்தனைப் பாட்டில் 'அகவா ரப்பா' என்பார்களாம். இன்னொன்று ச ரி2 க2 ம2 ப த2 நி2. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மி ஷெபெராக்'. நமக்கு ஹேமவதி. நாற்பது வருஷம் தெரிந்த ஒருவரைத் திடீரென வேறு ஊர்ச் சந்தையில் பார்த்தது மாதிரி இருந்தது.

சிட்டு சொன்ன வேலி இங்கே சரியாகப் பொருந்தும். மசாடா மெட்டுகளுக்கு அவரே விதி வைத்துக்கொண்டார். தாளில் சில வரிகளுக்குள் முடிய வேண்டும், யூத சுர வரிசைகளில் அமைய வேண்டும், எந்த வாத்தியக் கூட்டணியும் வாசிக்கும்படி இருக்க வேண்டும். பல்லவி மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு மற்றதை நீ பார் என்கிற மாதிரி.

பத்மநாபபுரத்து ஜன்னல்:

சார், மரியாதையோடு ஒரு மறுப்பு. சுர வரிசை ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடாது, இதை நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். டக்ளஸ் அந்த ரிஷபத்தை நேராக ஊதுகிறார், நம் ஆட்கள் அதை அசைப்பார்கள். ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் பிடி இல்லை, சுரத்தை அசைக்கும் கமகம் இல்லை. மேளகர்த்தா எண் போட்டதும் நமக்கு ஒரு சந்தோஷம் வருகிறது, அந்தச் சந்தோஷம் காதை மூடிவிடும் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

இரண்டாவது, எண்ணிக்கை. இந்த ஆளைப் பற்றிப் பேசும் எல்லாரும் "எத்தனை ஆல்பம் தெரியுமா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 2015-இல் மார்ச் முதல் மே வரை மூன்று மாதத்தில் 300 பகடெல் எழுதினாராம். பகடெல் என்றால் சின்ன உருப்படி, சரி. ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று! தோவாளைச் சந்தையில் பூ கட்டுகிறவர்கள்கூட அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இத்தனையும் நன்றாக இருக்குமா?

தேரூர்ச் சிட்டு:

ஜன்னல் அண்ணே, இருக்காது. நான் கேட்ட வரையில் சினிமா இசைத் தொகுப்புகளில் மூன்றில் ஒன்று படம் இல்லாமல் நிற்காது. 25 தொகுதி போட்டிருக்கிறார். 2015-இலிருந்து வந்த 'சிமுலாக்ரம்' ஆர்கன் மூவர் குழு முதல் இரண்டு ஆல்பத்தில் என்னைத் தூக்கி அடித்தது, நாலாவதில் எங்கே திரும்புவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

ஆனால் எண்ணிக்கையை நீங்கள் வேறு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மசாடா முதல் புத்தகத்தில் 205 மெட்டுகள். 2004-இல் எழுதிய இரண்டாவது புத்தகம், 'தேவதூதர்களின் புத்தகம்', 316. மூன்றாவது 'பெரியா', 92. கூட்டிப் பாருங்கள்.

கோட்டாறு மிளகாய்:

613. கால்குலேட்டர் வேண்டாம், கோட்டாறு மொத்தக் கடையில் கணக்கு எழுதினவன்.

தேரூர்ச் சிட்டு:

அதேதான் மாமா. யூத மரபில் அவர்கள் வேதமான தோராவில் உள்ள கட்டளைகள் 613 என்று எண்ணுவார்கள். அந்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். இது ஒருவர் ஏராளமாக எழுதினார் என்பதல்ல, ஒரு எண்ணுக்குள் எழுதினார் என்பது. எண்ணும் ஒரு வேலிதான்.

அப்புறம் அவற்றை அவரே வாசித்துக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது புத்தகம் 32 தொகுதிகளாக வந்தது, கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. மார்க் ரிபோ கிதார் மூவராக இடித்து நொறுக்குகிறார். பாட் மெத்தினி 20-ஆவது தொகுதியில் அநேகமாக எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்திருக்கிறார். எரிக் ஃப்ரீட்லாண்டர் ஒற்றைச் செல்லோவை வைத்துக்கொண்டு ஒரு முழுத் தொகுதி. முதல் புத்தகம் வந்தபோது மசாடா நால்வர் ஜப்பானிய கம்பெனி ஒன்றுக்காகப் போட்ட பத்து ஆல்பங்களுக்கும் எபிரேய எழுத்துகள்தான் பெயர், ஆலெஃப், பெய்ட், கிமெல் என்று. நம்மூரில் குழந்தைகளுக்கு அகரமுதல் எழுதிப் பழக்குவது மாதிரி.

நாற்று பாவியது அவர், நட்டது பலர். எல்லா வயலும் விளையவில்லை, அது உண்மை.

வில்லிசை வீட்டுப் பேரன்:

இந்த இழையை மூன்று நாளாகச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். வேலி என்ற சொல்லைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா வில்லுப்பாட்டு அண்ணாவி, குழுவை நடத்துபவர். சின்ன வயசில் கோயில் கொடைகளுக்குக் கூடவே போவேன். வில்லுக்கு வலப்பக்கம் வலம்பாடிகள், இடப்பக்கம் இடம்பாடிகள், குடம், உடுக்கை, தாளம், கட்டை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கதை பாடுகிறார்கள் என்று நினைப்பார்கள். உள்ளே நடப்பது வேறு. தாத்தாவின் ஒரு கண் எப்போதும் சாமியாடி மேல் இருக்கும். அவர் கால் விரல் லேசாக நடுங்கத் தொடங்கினால் தாத்தா கதையை அப்படியே பாதியில் விட்டு, சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டுக்குத் தாவிவிடுவார். சொல்லிவைத்துக்கொண்டு இல்லை. வில்லை அடிக்கும் வீசுகோலை உயர்த்துகிற விதத்தில் குடக்காரருக்குத் தெரியும். சாமி இறங்காவிட்டால் மறுபடி கதைக்குத் திரும்ப வேண்டும், விட்ட இடத்துக்கே. ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கும் தையல் தெரியாது.

கல்லூரியில் ஒரு நண்பன் 'கோப்ரா' வீடியோ காட்டினான். ஸோர்ன் 1984-இல் செய்தது. சுரம் ஒன்றுகூட எழுதப்படவில்லை. ஒரு அரைவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் ஒருவர் அட்டைகளோடு. வாசிப்பவர் வாயைத் தொட்டோ மூக்கைத் தொட்டோ காதைத் தொட்டோ விரலால் எண் காட்டிக் கேட்பார்: இப்போது இருவர் மட்டும் பேசட்டும், இப்போது எல்லாரும் மாறுங்கள், இப்போது முன்னே வாசித்ததற்குத் திரும்புங்கள் என்று. நடுவில் இருப்பவர் அட்டையைத் தூக்கிக் கீழே இறக்கும் கணத்தில் மாற்றம் நடக்கும். தலையில் பட்டை கட்டிக்கொண்டால் கலகக்காரன், நடுவில் இருப்பவரின் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை. கோப்ரா என்பது ஒரு போர் உத்தி விளையாட்டின் பெயர். அதற்கு முன் செய்தவற்றுக்கும் லக்ராஸ், ஹாக்கி, பூல், ஆர்ச்சரி என்று விளையாட்டுப் பெயர்கள்தான்.

எனக்கு முதலில் தோன்றியது, "அட, தாத்தா!"

பத்மநாபபுரத்து ஜன்னல்:

தம்பி, எழுத்து அருமை, கொடை கண்முன் வந்தது. ஆனால் மறுபடி அதே சந்தோஷம்! கோப்ராவில் நடுவில் இருப்பவர் அண்ணாவி இல்லை. அவர் போக்குவரத்துப் போலீஸ். என்ன நடக்க வேண்டும் என்று கேட்பது வாசிப்பவர்கள், அவர் அதை எல்லாருக்கும் காட்டுகிறார், அவ்வளவே. உங்கள் தாத்தாவிடம் குடக்காரர் மூக்கைத் தொட்டு "இப்போ எனக்கும் தாளத்துக்கும் மட்டும் விடும்" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

வில்லிசை வீட்டுப் பேரன்:

வீசுகோல் தலையில் விழுந்திருக்கும்.

ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. தாத்தாவின் வேலி சாமிக்காக. ஸோர்னுடையது வாசிப்பவர்களில் யார் அடக்குகிறார், யார் ஒளிகிறார், யார் கூட்டுச் சேர்கிறார் என்பதைப் பார்ப்பதற்காக. பாட்டு இல்லை அது, மனுஷர்களைப் பற்றிய சோதனை. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அவர் கோப்ரா விதிகளைப் புத்தகமாக அச்சிட்டு விற்கவில்லை. நேரில் வாய்வழியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த இடத்திலாவது தாத்தாவோடு சேர்க்க விடுங்கள் அண்ணே.

பத்மநாபபுரத்து ஜன்னல்:

அந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

திருவட்டாறு ராத்திரி:

ஒரே உருப்படியில் எட்டு வகை இசை மாறுவதைக் கேட்டு எல்லாரும் ஆச்சரியப்படுகிறீர்கள். தக்கலையிலிருந்து குலசேகரம் வரை மார்கழியில் பைக்கில் போயிருக்கிறீர்களா? ஒரு முக்கில் ஐயப்பன் பாட்டு, அடுத்த முக்கில் கேரல் வண்டி, பள்ளிவாசலில் பாங்கு, ரப்பர் தோட்டம் முழுக்க ஒரே இருட்டும் சில்வண்டும், அடுத்த திருப்பத்தில் சிங்காரி மேளம் ஒத்திகை, டீக்கடையில் மலையாளச் சினிமாப் பாட்டு. திருவட்டாறு கோயிலில் கதகளிச் செண்டை. தக்கலை பீர் முகம்மது அப்பா தர்காவில் ஞானப்புகழ்ச்சி ராத்திரி முழுக்கப் பாடுவார்கள், அதன் ஓரமாகப் பேருந்து ஹாரன். நாம் நேக்கட் சிட்டிக்குள்ளேயே பிறந்தவர்கள்.

முட்டம் கலங்கரை:

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் பைக் பயணத்தை நாளைக்கு அதே நொடிக் கணக்கில் மறுபடி ஓட்ட முடியுமா? அவர்கள் ஓட்டினார்கள். அதுதான் விஷயம்.

நேக்கட் சிட்டி குழுவின் 'டார்ச்சர் கார்டன்' ஆல்பத்தில் 42 துண்டுகள், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். அதில் 'ஸ்பீட்ஃப்ரீக்ஸ்' என்று ஒன்று. ஒரு நிமிடம்கூட இல்லை, ஒவ்வொரு தாள வட்டத்திலும் வகை மாறும். நான் பாஸ் கிதார் வாசிப்பவன், ஒரு வாரம் உட்கார்ந்து பழகப் பார்த்தேன். விரல் போகிறது, மனசு போகவில்லை. ரெக்கே வாசிக்கும்போது உடம்பு ரெக்கேக்குச் சாய வேண்டும், அடுத்த நொடி கன்ட்ரிக்கு நிமிர வேண்டும். பில் ஃப்ரிசெல், வேய்ன் ஹார்விட்ஸ், ஃப்ரெட் ஃப்ரித், ஜோயி பேரன் இவர்கள் ஒவ்வொரு வகையையும் அந்த வகைக்காரன் மாதிரியே வாசிக்கிறார்கள். நக்கல் இல்லை. நக்கலாக வாசித்தால் இரண்டாவது முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வெட்டு எங்கிருந்து வந்தது என்றால், கார்ட்டூன். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு இசை போட்ட கார்ல் ஸ்டாலிங்கை ஸோர்ன் கொண்டாடுவார். பூனை ஓடினால் ஒரு இசை, சுவரில் மோதினால் ஒரு இசை, விழுந்தால் ஒரு இசை. படத்தை நிறுத்திவிட்டு அந்த ஒலியை மட்டும் கேட்டால் பெரிய நவீன இசைக்காரர் எழுதியது போல இருக்கும். நாம் எல்லாரும் சின்னதில் கேட்டதுதான், பூனையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

1987-இல் வந்த 'ஸ்பிலேன்' இன்னொரு படி. மிக்கி ஸ்பிலேனின் துப்பறியும் கதை உலகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளில் குறிப்பாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு அட்டைக்கும் ஸ்டூடியோவில் ஒரு துண்டு வாசிக்க வைத்து, வரிசைப்படுத்தி ஒட்டியது. 25 நிமிடம். மழை, கார், மதுக்கடைப் பியானோ, ஒரு அலறல். அதில் கதை என்று ஒன்று இல்லை, ஆனால் எனக்குக் கதை தெரிந்துவிட்டது.

குளச்சல் மணல்:

ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. வலிக்கிற இசையை ஏன் ஒருவர் எழுத வேண்டும்?

'கிரிஸ்டால்நாக்ட்' என்று ஒரு ஆல்பம், 1993. 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் கடைகளையும் ஜெபக்கூடங்களையும் நாஜிகள் உடைத்த இரவின் பெயர் அது. இரண்டாவது உருப்படியில் பத்து நிமிடத்துக்கு மேல் கண்ணாடி உடைந்துகொண்டே இருக்கிறது. காதுக்குக் கேடு வரலாம், மறுபடி மறுபடி கேட்காதீர்கள் என்று அட்டையிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார். அதுவும் கூர்மையான மேல்ஸ்தாயி ஒலி. கண்ணாடிக்கு நடுவே எங்கோ பழைய மெட்டு ஒன்று வந்து தலை காட்டும், அதன் மேலும் உடையும்.

நான் அதை முழுதாக ஒரே தடவைதான் கேட்டேன். எனக்கு 2004 டிசம்பர் 26 காலை பதின்மூன்று வயசு. அந்தச் சத்தத்தை யாரிடமும் சொல்லிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அழகான கடல் ஒலி, தியானத்துக்கு அலை ஒலி என்று போடுவார்களே, அதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். வயலினில் சோக ராகம் வாசித்து அதை நினைவுகூர்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இந்த மனுஷர் அழ வைக்கப் பார்க்கவில்லை. உடைத்தால் உடையும் சத்தம் இதுதான், உட்கார் என்கிறார். சிலர் இதை இசை இல்லை என்பார்கள். இருக்கட்டும், எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை.

தேரூர்ச் சிட்டு:

அக்கா, இதற்கு நான் எழுத ஒன்றும் இல்லை. வாசித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கோட்டாறு மிளகாய்:

மணல் எழுதியதற்குப் பிறகு இதைக் கேட்பதா என்று யோசித்தேன், ஆனாலும் கேட்க வேண்டியதுதான். அந்தப் பழைய அட்டைப் படங்கள். 'லெங் ட்ஷே' அட்டையில் சீனாவின் பழைய மரண தண்டனையின் நிஜப் புகைப்படம். 'டார்ச்சர் கார்டன்' அட்டையும் சகிக்காது. வலியைப் பற்றி இவ்வளவு யோசித்த ஆள், வேறொரு நாட்டு மனுஷன் துண்டாடப்படுவதை ஆல்பம் விற்க வைத்தது எப்படி?

முட்டம் கலங்கரை:

அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி அமைப்புகள் அப்போதே எதிர்த்தன. ஸோர்ன் வருஷக் கணக்கில் டோக்கியோவில் போய் இருந்து வாசித்தவர், வெறுப்பில் செய்யவில்லை என்று அவர் பக்கம் பேசினார்கள். பிறகு அந்த இரண்டையும் 'பிளாக் பாக்ஸ்' என்று கறுப்புப் பெட்டிக்குள் வைத்து வெளியிட்டார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. இசையைக் கேட்பேன், அட்டையை மன்னிக்க மாட்டேன். இரண்டையும் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு.

குளச்சல் மணல்:

உண்டு. கண்ணாடி உடைவது அவர் வீட்டுக் கண்ணாடி. அந்தப் புகைப்படம் அவர் வீட்டுடையது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் செண்டைக்காரன்:

பெரிய பேச்சுக்கு நடுவில் சின்னப் பேச்சு. வாத்து வேட்டைக்காரர்கள் ஊதும் வாத்து ஊதல் இருக்கிறதே, அதை வைத்து இந்த ஆள் தனிக் கச்சேரி செய்திருக்கிறார் தெரியுமா? 1980-களின் தொடக்கத்தில். மேசை நிறைய ஊதல்கள், சாக்ஸஃபோனின் வாய்த்துண்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். ஊதலைத் தண்ணீரில் முக்கி ஊதுவார். என் மகன் அதைக் கேட்டுவிட்டு அவன் பீப்பியை வாளிக்குள் விட்டு ஊதிக்கொண்டிருக்கிறான். வீட்டில் எனக்கு நல்ல பெயர்.

வகுளாபரணம்:

செண்டைக்காரரே, பிள்ளையைத் தடுக்காதீர்.

ஒரு வாரமாக இந்தப் பிள்ளைகள் சொன்னதையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். ஜன்னல் சொன்ன கமகக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். மேள எண் போட்டதும் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். மறுபடி கேட்டபோது வேறு ஒன்று பிடிபட்டது. 'கோல் நித்ரே' என்று தந்தி வாத்திய நால்வருக்கான உருப்படி, 1996. அதே குழு வாத்தியத்துக்கு 1988-இல் எழுதிய 'கேட் ஓ நைன் டெயில்ஸ்' முழுக்கக் கார்ட்டூன் வெட்டு, குரோனோஸ் நால்வருக்காக எழுதியது. இது அதற்கு நேர் எதிர். ஒரு வெட்டும் இல்லை. நீளமான நாதம், மெதுவாக நகரும் ஒரே மெட்டு, கீழே ஆதாரம் தாங்கி நிற்கிறது. எங்கேயாவது வெடிக்கப் போகிறது என்று கடைசி வரை காத்திருந்தேன். வெடிக்கவில்லை. எழுதியவர் யார் என்று தெரிந்ததால்தான் அந்தப் பயம். பெயர் தெரியாமல் கேட்டிருந்தால் வெறும் பிரார்த்தனையாக இருந்திருக்கும். இந்த ஆளின் ஒரு உருப்படிக்குப் பக்கத்தில் மற்ற உருப்படிகளும் நின்று ஒலிக்கின்றன. இத்தனை வகை எழுதியதன் பலன் இது என்று எனக்குப் படுகிறது.

பத்மநாபபுரத்து ஜன்னல்:

சார், இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

நானும் ஒன்று சேர்க்கிறேன். பார்பரா ஹானிகன் என்ற சோப்ரானோவுக்கு ஸோர்ன் 'யுமலத்தரெட்' என்ற பாடல் வரிசையைக் கொடுத்தார். ஃபின்லாந்தின் 'கலேவலா' காவியத்திலிருந்து சொற்கள். பாடவே முடியாத உருப்படிகளைப் பாடிப் பெயர் வாங்கியவர் ஹானிகன். அவரே ஒரு கட்டத்தில் இது என்னால் ஆகாது என்று எழுதினார். ஸோர்ன் சுலபமாக்கிக் கொடுக்கவில்லை, உன்னால் ஆகும் என்று பதில் எழுதினார். பாடினார். வேலியை இறக்காமல் ஆளை உயர்த்துவது. சிட்டு, உங்கள் வாதத்துக்கு நானே சாட்சி கொண்டுவந்துவிட்டேன், பாருங்கள்.

திருவட்டாறு ராத்திரி:

அவர் ஆர்கன் பற்றி யாரும் எழுதவில்லையே. 2011-இல் கொலம்பியா பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் தொடங்கி, பெரிய பைப் ஆர்கன்களில் ராத்திரி நேரம் தனியாக மனோதர்மமாக வாசித்த வரிசை, 'ஹெர்மெட்டிக் ஆர்கன்'. நான் ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவன். எங்கள் கீபோர்டில் 'பைப் ஆர்கன்' என்று ஒரு பொத்தான் உண்டு, திருமணப் பாட்டுக்கு அழுத்துவேன். அதைக் கேட்ட பிறகு அந்தப் பொத்தானை அழுத்த வெட்கமாக இருக்கிறது.

முட்டம் கலங்கரை:

இசையோடு சேர்த்து அவர் நடத்திய கடையையும் சொல்ல வேண்டும். 1995-இல் 'சாடிக்' என்று சொந்தமாக ஒரு இசை நிறுவனம் தொடங்கினார். எபிரேயத்தில் நீதிமான் என்று பொருள். தன்னுடையது மட்டுமல்ல, வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்களின் ஆல்பங்களை நூற்றுக்கணக்கில் போட்டார். 2005-இல் நியூயார்க் கிழக்கு வில்லேஜில் 'தி ஸ்டோன்' என்ற சின்ன அரங்கம். அங்கே குடிக்க, தின்ன ஒன்றும் விற்க மாட்டார்கள். வாசலில் வசூலாகும் பணம் முழுக்க வாசிப்பவர்களுக்கு. தொடக்க வருஷங்களில் யார் வாசிப்பது என்று முடிவு செய்ததும் இன்னொரு இசைக்காரர். 2018-இல் நியூ ஸ்கூல் வளாகத்துக்கு மாறியது. நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வாசித்துவிட்டுக் காசுக்கு மூன்று தடவை நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அரங்கம்தான் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு.

தேரூர்ச் சிட்டு:

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொதிக்கும்போது 'அல்ஹாம்ப்ரா லவ் சாங்ஸ்' போட்டேன். 2009, பியானோ மூவர், மழை விட்ட பிறகு ஓட்டில் சொட்டுவது மாதிரி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சத்தத்தைக் கூட்டச் சொன்னார். அடுத்து மசாடாவின் நால்வர். "இது நாயனக்காரங்க சண்டை மாதிரில்லா இருக்கு" என்றார், ஆனால் எழுந்து போகவில்லை. மூன்றாவதாக 'தி பிக் கன்டவுன்', எனியோ மோரிக்கோனேயின் சினிமா இசையைப் பிரித்து மேய்ந்தது. பாதியில் "போதும்ட்டி" என்றார். ஆக, புதிதாக வருகிறவர்களுக்கு இதே வரிசை. மூன்றாவதில் நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்த முடியாதவர்கள் இங்கே வந்து சேருவார்கள்.

வில்லிசை வீட்டுப் பேரன்:

எனக்கு ஒரு ஆசை. நாமே ஒன்று செய்து பார்த்தால் என்ன? கோப்ரா என்று பெயர் போட வேண்டாம், அவர் சொல்லிக் கொடுக்காத ஒன்றை அவர் பெயரில் செய்யக் கூடாது. நம் விதி, நம் அட்டை. வகுளாபரணம் சார் வயலின், கலங்கரை பாஸ், செண்டைக்காரர், திருவட்டாறு அண்ணன் கீபோர்டு, நான் குடம். ஜன்னல் அண்ணன் நடுவில் நிற்கட்டும், மறுத்துப் பேசுகிற ஆள்தான் அதற்குச் சரி.

பத்மநாபபுரத்து ஜன்னல்:

நான் போலீஸ் என்று சொன்னதற்குத் தண்டனையா? வருகிறேன். இடம்?

திருவட்டாறு ராத்திரி:

எங்கள் வீட்டு மாடி. சுற்றிலும் ரப்பர், சத்தம் போனாலும் கேட்க ஆள் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து மூன்று மணிக்கு. மழை வந்தால் ஷீட்டு போடும் அறைக்குள்.

மார்த்தாண்டம் செண்டைக்காரன்:

மகன் வாளியோடு வருவான், தடுக்க முடியவில்லை.

குளச்சல் மணல்:

நான் வாசிக்க மாட்டேன், கேட்க வருகிறேன். மட்டிப்பழமும் நேந்திரங்காய் சிப்ஸும் என் பொறுப்பு. கலகக்காரர்களுக்குத் தலையில் கட்டப் பட்டை வேண்டாமா?

கோட்டாறு மிளகாய்:

வடசேரியில் சிவப்புத் துண்டு வாங்கிக் கிழித்துக்கொண்டு வருகிறேன். எத்தனை பேர் கலகம் செய்வீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.